ஃபே பேரம்: வாக்கு கொடுப்பதற்கு முன்னும் பின்னும்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் ஃபேன்டஸி ரோல்பிளேயிங் கேமில் டிராகன் எதிரே வந்தால் ஆட்டக்காரர்களுக்குக் குழப்பமே இல்லை. அடிக்கலாம், ஓடலாம், கெஞ்சலாம். காளான் வட்டத்தின் நடுவே உட்கார்ந்திருக்கும் ஃபே என்ற மாயப்பிறவி, "உனக்கு என்னதான் வேண்டும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டால்தான் சிக்கல். மேசையைச் சுற்றி எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒருவர் "எதுவும் வேண்டாம், கிளம்பலாம்" என்பார். இன்னொருவர் பேனாவை எடுத்து, வக்கீல் நோட்டீஸ் போல ஒரு வேண்டுகோளை எழுத ஆரம்பிப்பார். நேரம் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் பேரம் நடந்திருக்காது, அல்லது நடந்தும் யாருக்கும் ருசித்திருக்காது.

இதற்கு ஆட்டக்காரர்களைக் குறை சொல்வது சுலபம். என் பார்வையில் கோளாறு பெரும்பாலும் கதையை நடத்தித் தீர்ப்புச் சொல்லும் கேம் மாஸ்டர் பக்கம்தான். ஃபே பேரம் என்றாலே வார்த்தைக்குள் ஒளித்துவைத்த பொறி என்று ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. ஆட்டக்காரர் எதைக் கேட்டாலும் அதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துக் கவிழ்ப்பதுதான் கேம் மாஸ்டரின் சாமர்த்தியம் என்று ஆகிவிட்டது. நான்கு முறை இப்படிக் கவிழ்ந்தவர் ஐந்தாம் முறை வாயைத் திறப்பாரா? நுணலும் தன் வாயால் கெடும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதனால் வாயை மூடிக்கொள்கிறார்.

ஃபேக்கள் என்று இங்கே சொல்வது அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இங்கிலாந்துப் பகுதிக் கதைகளிலிருந்து விளையாட்டுக்குள் வந்த மாயச் சனங்களை. குன்றுக்கு அடியிலும் அடர்காட்டுக்குள்ளும் தங்களுக்கென ஓர் உலகம் வைத்திருப்பவர்கள். அழகானவர்கள், மரியாதை பார்ப்பவர்கள், மனிதரின் நல்லது கெட்டது பிடிபடாதவர்கள். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) வெளிவந்த காலத்திலிருந்தே இவர்கள் ஏதாவது ஒரு வடிவில் இந்த விளையாட்டுகளில் தலைகாட்டி வந்திருக்கிறார்கள். அவர்களுடைய உலகத்துக்கு டி அண்ட் டியில் ஃபேவைல்ட் என்ற பெயர் 2008-ல் வந்த நான்காம் பதிப்பில்தான் நிலைத்தது. ஃபேக்களில் நல்லவர்களும் உண்டு, கொடியவர்களும் உண்டு. பொதுவான குணம் ஒன்று: கொடுத்த வாக்கை மீற மாட்டார்கள், வாங்கிய வாக்கை மறக்கவும் மாட்டார்கள்.

வரம் கொடுத்துக் கெட்ட கதையும் வரம் வாங்கிக் கெட்ட கதையும் நமக்குப் புதிதில்லை. அவற்றில் இரண்டு, ஃபே பேரத்தின் இரண்டு வகைகளை அப்படியே காட்டுகின்றன. ஒன்று இரணியன் கதை. மனிதனாலும் மிருகத்தாலும் சாகக் கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது, மண்ணிலும் விண்ணிலும் கூடாது என்று அடுக்கி வரம் வாங்கினான். அந்தப் பட்டியலின் இடுக்கு வழியாகத்தான் நரசிம்மம் வந்தது: அந்தி நேரம், வாசல்படி, மடி, நகம். இன்னொன்று தசரதன் கதை. போர்க்களத்தில் உயிரைக் காத்த கைகேயிக்கு இரண்டு வரம் தருவதாகச் சொன்னான். அவள் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றாள். என்ன வரம், எப்போது, எந்த எல்லைக்குள் என்று எதையும் அவன் கேட்டுவைக்கவில்லை. வருடங்கள் கழித்து அவள் கேட்டபோது வார்த்தை விளையாட்டே கிடையாது. பரதனுக்கு முடி, இராமனுக்குப் பதினான்கு ஆண்டு காடு. பச்சைக்குழந்தைக்கும் புரியும்படி கேட்டாள். புரிந்ததுதான் அங்கே கொடுமை.

கேம் மாஸ்டர்கள் நடத்தும் ஃபே பேரங்களில் பத்தில் ஒன்பது இரணியன் வகை. ஆனால் மேசையில் உண்மையாக வேலை செய்வது தசரதன் வகை.

இரணியன் வகை ஏன் தோற்கிறது

கதையில் இரணியன் தோற்பது இனிக்கிறது, ஏனென்றால் நாம் வெளியே நின்று பார்க்கிறோம். விளையாட்டில் அப்படி இல்லை. கேள்வித்தாளைத் தயாரிப்பதும் திருத்துவதும் மதிப்பெண் போடுவதும் ஒரே ஆள். ஃபேயாகப் பேசுவது கேம் மாஸ்டர். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று தீர்ப்புச் சொல்வதும் கேம் மாஸ்டர். உலகம் அதற்கு எப்படி வளைகிறது என்று முடிவு செய்வதும் அவரே. இப்படிப்பட்ட போட்டியில் ஆட்டக்காரர் ஜெயிக்க ஒரே வழி, கேம் மாஸ்டர் போனால் போகிறது என்று விட்டுக்கொடுப்பது.

"எனக்குப் பறக்க வேண்டும்" என்று கேட்டவரை ஈயாக மாற்றிவிடும் ஃபேயை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் சிரிப்பு வரும், ஒரு தடவை. அப்புறம்? அந்த ஃபேயைப் பற்றி நமக்கு என்ன தெரியவந்தது? அதற்கு என்ன வேண்டும், எதற்கு அஞ்சும், ஏன் இந்த ஆளிடம் வந்து பேசியது? எதுவும் தெரியவில்லை. கேட்டவருடைய பாத்திரமும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு வாக்கியத்தைச் சரியாகக் கட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை ஊகிக்கலாம். டி அண்ட் டியில் விஷ் என்ற ஒன்பதாம் நிலை மந்திரம் உண்டு. கேட்டதைக் கேட்டபடி நடத்தும் உச்சபட்ச மந்திரம். பெரிதாகக் கேட்கக் கேட்க ஏதாவது தப்பாகப் போகும் வாய்ப்பும் பெரிதாகும் என்று ஐந்தாம் பதிப்பு விதியே சொல்கிறது, அதை முடிவு செய்யும் அதிகாரத்தையும் கேம் மாஸ்டரிடம் தாராளமாகக் கொடுக்கிறது. விஷ் மந்திரத்துக்கு அது பொருந்தும். அங்கே எதிர்த்தரப்பு என்று யாரும் இல்லை, அளவுக்கு மீறிய ஆசைக்கு ஒரு கடிவாளம் தேவை. ஃபே பேரத்தில் எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் ஒரு தேவை இருக்கிறது. விஷ் மந்திரத்தின் குணத்தை அதன் தலையில் கட்டினால் பேரம் என்ற சொல்லுக்கே அங்கே வேலை இல்லாமல் போய்விடும்.

இதற்கு நேர்மாறான ஏற்பாட்டை, ஃபேக்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விளையாட்டில் பார்க்கலாம். ஜான் ஹார்ப்பர் உருவாக்கி 2017-ல் வெளியான பிளேட்ஸ் இன் தி டார்க், இருண்ட நகரமொன்றில் களவு செய்து பிழைக்கும் கும்பலைப் பற்றியது. அதில் டெவில்ஸ் பார்கெயின் என்றொரு விதி. ஆட்டக்காரர் பகடை உருட்டப் போகும் நேரத்தில் கேம் மாஸ்டரோ மேசையில் உள்ள வேறு யாராவதோ குறுக்கிட்டு, "கூடுதலாக ஒரு பகடை எடுத்துக்கொள், ஆனால் தப்பிக்கும்போது உன் கத்தியை அங்கேயே விட்டுவிட்டு வருவாய்" என்று சொல்லலாம். ஒப்புக்கொண்டால் உருட்டியது ஜெயித்தாலும் தோற்றாலும் கத்தி போனது போனதுதான். பிடிக்காவிட்டால் மறுத்துவிடலாம். விலை முன்னாலேயே வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது, தெரிந்தும் ஆட்கள் சந்தோஷமாக ஒப்புக்கொள்கிறார்கள். ஏனென்றால் அது அவர்களே எடுத்த முடிவு. அதன் விளைவு அவர்களுடைய கதை.

ஃபே பேரத்துக்கும் இந்த வெளிப்படைத்தன்மைதான் வேண்டும். ஃபேயின் சூட்சுமம் எதைக் கேட்கிறது என்பதில் தெரியட்டும். இந்த ஆளால் எதை மறுக்க முடியாது, எதைக் கொடுத்தால் தூக்கம் போகும் என்று அது துல்லியமாகத் தெரிந்துவைத்திருப்பதுதான் திகில்.

விலை வைப்பது

தலைச்சன் பிள்ளையைக் கொடு என்பது ஃபேக்களின் பெயர்போன விலை. விளையாட்டில் அது ஏறக்குறைய இலவசம். பெரும்பாலான பாத்திரங்கள் பிள்ளை பெறுவதற்குள் கேம்பைன், அதாவது வாரக்கணக்கில் தொடரும் அந்தக் கதை, முடிந்துவிடும். கிரிம் சகோதரர்கள் தொகுத்த ரம்பல்ஸ்டில்ட்ஸ்கின் கதையில் வைக்கோலைப் பொன்னாக நூற்றுத் தரும் குள்ளன், ராணியாகப் போகும் பெண்ணிடம் கேட்கும் அந்த விலை வேலை செய்கிறது, காரணம் கதை ஒரே வரியில் ஒரு வருடத்தைத் தாண்டிவிட முடியும். மேசையில் அப்படித் தாண்டுவது அபூர்வம். ஆகவே முதல் கேள்வி: இந்தக் கடன் ஆட்டம் நடக்கும் காலத்துக்குள்ளேயே வசூலுக்கு வருமா?

ஞாபகத்தை விலையாகக் கேட்பதும் இதேபோல ஏமாற்றும். "உன் அம்மாவின் குரலை மறந்துவிடு" என்று ஃபே சொன்னால் மேசையில் ஒரு நிசப்தம் விழும், அடுத்த வாரம் யாருக்கும் நினைவிருக்காது. அம்மா கதைக்குள் வந்தால்தான் அதற்கு எடை. மூன்று செஷன், அதாவது மூன்று முறை கூடி ஆடியது, கழித்து இருட்டுக் குகையில் யாரோ அந்தப் பாத்திரத்தைப் பெயர்சொல்லி அழைக்க வேண்டும், அது அம்மாவா பொறியா என்று தெரியாமல் அவள் திணற வேண்டும். கேம் மாஸ்டர் அதற்குத் தயாராக இல்லை என்றால் அந்த விலையை வைக்கவே கூடாது.

பலத்தில் இரண்டு புள்ளி, உயிர்ப்புள்ளியில் பத்து என்று, பாத்திரத்தின் திறன்களை எண்களாக எழுதிவைத்திருக்கும் கேரக்டர் ஷீட்டில் கைவைப்பது மூன்றாவது வழி. வலிக்கும், ஆனால் அலுப்பான வலி. விளையாடும் விதத்தை மாற்றும் விலைகள்தான் சிறந்தவை. அடுத்த பௌர்ணமி வரை யாராவது விருந்துக்கு அழைத்தால் மறுக்கக் கூடாது. அழைக்காத வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லக் கூடாது, சும்மா இருக்கலாம். இவற்றில் ஒவ்வொன்றும் ஆட்டக்காரருக்கு ஒரு புதிய விளையாட்டைக் கொடுக்கிறது. திருட்டுத் தொழில் செய்பவனுக்கு "அழைக்காத வீடு" என்ற தடை என்ன பாடு படுத்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு பேரத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். கயல் ஒரு வில்லாளி. அவள் தம்பி கல்லாகிக் கிடக்கிறான். முட்கோட்டை ராணி என்ற ஃபேயிடம் வருகிறாள்.

"தம்பி எழுந்து நடப்பான். அடுத்த பௌர்ணமி வரை உன் பெயரை எனக்குக் கொடு."

இங்கே நல்ல ஆட்டக்காரர் வாக்கியத்தில் ஓட்டை தேட மாட்டார். நேராகக் கேட்பார்: "என் பெயரை வைத்து நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"அணிந்துகொள்வேன்."

"அதுவரை எனக்கு?"

"பெயர் இருக்காது. யாராலும் உன்னை அந்தப் பெயரால் அழைக்க முடியாது. உன் நாவிலும் வராது."

"என் பெயரில் யாருக்கும் வாக்கு கொடுக்கக் கூடாது."

ராணி சற்று யோசிக்கிறாள். "சரி. அப்படியானால் உன் தம்பியின் இடது கை கல்லாகவே இருக்கட்டும்."

இந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். ஆட்டக்காரர் சேர்க்கும் ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஃபே ஒரு பதில் விலை சொல்கிறது. வக்கீல் நோட்டீஸ் எழுதும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. பத்து நிபந்தனை போட வேண்டும் என்றால் தாராளமாகப் போடலாம், தம்பியில் பாதிதான் திரும்பி வருவான். எந்த ஆபத்தை மூடுவது, எதைத் திறந்தே விடுவது என்று கயல் இப்போது தேர்ந்தெடுத்தாக வேண்டும். சாமர்த்தியமான வாக்கியத்தைவிட அவளுடைய முன்னுரிமைகள் முக்கியமாகின்றன.

சரி, கையைக் காப்பாற்றிக்கொண்டு நிபந்தனையைக் கைவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த செஷனில் கோட்டைக் காவலன் பெயர் கேட்கிறான், அவளால் சொல்ல முடியவில்லை. சண்டையின் நடுவே நண்பன் அவளை எச்சரிக்க நினைக்கிறான், பெயர் தொண்டையில் நிற்கிறது. பௌர்ணமிக்குப் பிறகு பெயர் திரும்பி வருகிறது, கூடவே அந்தப் பெயருக்குப் பக்கத்து நாட்டில் ஒரு நிச்சயதார்த்தமும் இரண்டு பகையாளிகளும். ராணி ஒரு பொய்யும் சொல்லவில்லை. அணிந்துகொள்வேன் என்றாள், அணிந்துகொண்டாள். இந்த ஆபத்து இருக்கிறது என்று கயலுக்குத் தெரியும், கண்ணால் பார்த்துத்தான் அந்த நிபந்தனையை விட்டாள். தசரதன் வகை இது.

ஆட்டக்காரர் கவனிக்க வேண்டியவை

2007-ல் வந்த சேஞ்ச்லிங்: தி லாஸ்ட் என்ற விளையாட்டு, ஃபேக்களிடம் அடிமைப்பட்டுத் தப்பி வந்தவர்களைப் பற்றியது. அதில் வாக்குகளை உருவாக்குவதற்கென்றே விதிகள் இருக்கின்றன. ஒரு வாக்கில் நான்கு பாகம்: செய்ய வேண்டிய வேலை, கிடைக்கும் நன்மை, மீறினால் தண்டனை, எவ்வளவு காலம். வேறு எந்த விளையாட்டை ஆடினாலும் இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி மேசை நடுவே வைத்துவிடுவது நல்லது. தர்க்கம் செய்வதற்கு அல்ல, எல்லோரும் ஒரே பேரத்தைத்தான் மனதில் வைத்திருக்கிறோமா என்று பார்ப்பதற்கு. ஆட்டக்காரர் புரிந்துகொண்டது ஒன்று, கேம் மாஸ்டர் நினைத்தது வேறு என்பது ஃபேயின் தந்திரம் ஆகாது. வெறும் தகவல் கோளாறு.

நான்கில் ஆட்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் காலம்தான். "எனக்கு ஒரு உதவி கடன்பட்டிருக்கிறாய்" என்று ஃபே சொன்னால் அது கைகேயியின் வரம். அதற்குத் தேதி குறிக்க முடியாவிட்டாலும் வேலியாவது போடலாம்: இன்னார் உயிருக்கு ஆபத்து வரும்படி கேட்கக் கூடாது, கேட்டால் ஒரே நாளில் முடியும் வேலையாக இருக்க வேண்டும், இந்தக் கடனை வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். கடனை வாங்கி விற்கும் சந்தை ஃபேக்கள் மத்தியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், சிரித்த முகத்தோடு பேரம் பேசிய வனதேவதையிடம் பட்ட கடன், ஒரு நாள் பல்லில் ரத்தம் ஒட்டிய சூனியக்கிழவியின் கையில் இருக்கும்.

ஃபேக்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று பலரும் விதியைப் போலவே நம்புகிறார்கள். டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பில் ஃபேக்கள் எல்லோருக்கும் பொதுவாக அப்படி ஒரு விதி கிடையாது. கேம் மாஸ்டர் தன் உலகத்துக்கு முடிவு செய்து, அதை ஆட்டக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். என் சிபாரிசு, பொய் சொல்ல முடியாது என்றே வைத்துக்கொள்வது. பொய் சொல்லும் ஃபேயிடம் கேள்வி கேட்டு என்ன பிரயோசனம்? பொய் சொல்ல முடியாத ஃபே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவினால், அந்த நழுவலே ஆட்டக்காரருக்குக் கிடைத்த துப்பு.

பகடைக்கும் ஓர் இடம் வேண்டும், இல்லாவிட்டால் நன்றாகப் பேசத் தெரிந்த ஆட்டக்காரருக்கு மட்டுமே பேரம் என்றாகிவிடும். எதிராளியின் மனதைப் படிக்கும் இன்சைட் திறனுக்குப் பகடை உருட்டி ஜெயித்தால் "இது பொறி" என்று சொல்வதில் அர்த்தமில்லை, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். "இவள் உன் பெயரைவிட உன் தோளில் தொங்கும் புல்லாங்குழலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்" என்று சொன்னால் பேரமே திசை திரும்பும். பேசிச் சம்மதிக்கவைக்கும் பெர்சுவேஷனில் ஜெயித்தால் ஒரே ஒரு நிபந்தனை பதில் விலை இல்லாமல் சேரட்டும். அதற்கு மேல் பகடையிடம் கேட்க வேண்டாம்.

ஃபேக்களையும் கட்டும் விதிகள்

பேரம் என்றால் இரண்டு பக்கமும் கட்டுப்பட வேண்டும். மனிதர்களைவிட ஃபேக்களே விதிகளால் இறுக்கமாகக் கட்டப்பட்டவர்கள், அங்கேதான் ஆட்டக்காரருக்குப் பிடி கிடைக்கிறது. 2021-ல் வந்த தி வைல்ட் பியாண்ட் தி விட்ச்லைட் என்ற டி அண்ட் டி சாகசத் தொகுப்பு இதை அழகாகப் பயன்படுத்துகிறது. மூன்று சூனியக்கிழவிகள் பங்குபோட்டு ஆளும் ஃபே பிரதேசமொன்றில் மூன்று விதிகள் செல்லும்: விருந்தோம்பல், உடைமை, பதிலுக்குப் பதில். விருந்தாளியாக ஏற்றுக்கொண்டவரைத் துன்புறுத்தக் கூடாது, பிறர் பொருளை அபகரிக்கக் கூடாது, பரிசு வாங்கினால் ஈடாக ஏதாவது திருப்பித் தர வேண்டும். இவை ஆட்டக்காரர்களுக்கும் பொருந்தும், ஃபேக்களுக்கும் பொருந்தும். அந்தச் சாகசத்தை வாள் உருவாமலே முடிக்க வழி இருக்கிறது என்றால், இப்படிப்பட்ட விதிகள் கையில் இருப்பதும் ஒரு காரணம்.

பதிலுக்குப் பதில் என்ற விதியை மட்டும் எடுத்துக்கொண்டால்கூடப் போதும். ஃபே வாயைத் திறப்பதற்கு முன்னால் ஆட்டக்காரரே ஒரு பரிசைக் கொடுத்துவிட்டால் கடன்காரர் யார்? நாட்டார் கதைகளில் வீட்டு வேலை செய்யும் பிரவுனி என்ற குட்டி ஃபேக்கு உடுக்கத் துணி கொடுத்தால் அது வேலையை விட்டுவிட்டுப் போய்விடும். கணக்கு தீர்ந்தால் உறவும் தீர்ந்தது. இந்த ஒரு குணத்தை வைத்தே ஒரு செஷனை ஓட்டலாம்: ஒரு ஃபேயை நம் பக்கம் வைத்திருக்க வேண்டுமா, அதன் கணக்கை முழுதாகத் தீர்த்துவிடக் கூடாது.

மீறல், விடுதலை

முடிவே இல்லாத பேரம், மீறவே முடியாத பேரம் இரண்டும் ஆட்டத்தைக் கொன்றுவிடும். டி அண்ட் டியின் கீஸ் மந்திரம் இதில் ஒரு நல்ல முன்மாதிரி. 2014 விதிப்படி ஐந்தாம் நிலை மந்திரம் அது, ஒருவர்மீது ஒரு கட்டளையை 30 நாளைக்கு ஏற்றிவைக்கும். கட்டளைக்கு நேர் எதிராக நடந்தால் ஐந்து பத்துமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை அளவுக்குக் காயம், ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டும். கவனியுங்கள், கை கால் கட்டப்படவில்லை. மீறலாம், அதற்கு விலை உண்டு, விலை எவ்வளவு என்றும் தெரியும். ஃபேக்குக் கொடுத்த வாக்கும் இப்படி இருந்தால் மீறுவதே ஒரு வீரச்செயலாகும்.

அந்த மந்திரத்தின் பெயர் அயர்லாந்துக் கதைகளின் கீஸ் என்ற தடையிலிருந்து வந்தது. அந்தக் கதைகளின் மாவீரன் கூகுலினுக்கு நாய்க்கறி தின்னக் கூடாது என்று ஒரு தடை, அழைத்துக் கொடுக்கும் உணவை மறுக்கக் கூடாது என்று இன்னொன்று. சாவதற்கு முன் வழியில் ஒரு கிழவி அவனுக்கு நாய்க்கறியை நீட்டினாள். இரண்டு தடையில் ஒன்றை மீறியே ஆக வேண்டும். கேம் மாஸ்டருக்கு இதைவிட நல்ல பாடம் வேறு இல்லை. எந்த வாக்கியத்தையும் திரிக்க வேண்டாம், நேர்மையான இரண்டு பேரங்களை எதிரெதிரே நிறுத்தினால் போதும். ராணிக்குக் கொடுத்த வாக்கும் ராணியின் எதிரிக்குக் கொடுத்த வாக்கும் ஒரே இரவில் வசூலுக்கு வரட்டும்.

விடுதலைக்கும் வழி இருக்க வேண்டும், அந்த வழி உலகத்தில் எங்கேயோ போய்த் தேடிக் கண்டுபிடிப்பதாக இருக்க வேண்டும். ரம்பல்ஸ்டில்ட்ஸ்கின் கதையில் ராணி ஜெயித்தது வார்த்தைச் சாமர்த்தியத்தால் அல்ல. பெயரைக் கண்டுபிடித்தால் பிள்ளையை விட்டுவிடுகிறேன், மூன்று நாள் தருகிறேன் என்று இரக்கப்பட்டுக் குள்ளனே இரண்டாவதாக ஒரு பேரம் பேசினான். ராணி ஆளனுப்பினாள். காட்டு விளிம்பில், நெருப்பைச் சுற்றிக் குதித்துக்கொண்டு அவன் தன் பெயரைப் பாடுவதை அந்த ஆள் கேட்டுவிட்டு வந்தான். உளவு வேலை, அலைச்சல், கொஞ்சம் அதிர்ஷ்டம். ஆட்டக்காரர்கள் செய்ய ஆசைப்படும் வேலைகளே இவை. ஸ்காட்லாந்தின் டாம் லின் பாடலில் வழி இன்னும் நேரடியானது. ஃபே ராணியிடம் சிக்கியவனை ஜேனட் என்ற பெண் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். அவன் பாம்பாக, கொடிய விலங்காக, பழுக்கக் காய்ந்த இரும்பாக மாறினாலும் விடக் கூடாது. விடவில்லை, மீட்டுவிட்டாள். என்னவெல்லாம் நடக்கும் என்று அவனே அவளிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறான். சோதனையின் கடுமை அதனால் துளியும் குறையவில்லை.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபே உலகத்துக்குள் போவதே ஒரு பேரம்தான், யாரும் வாய்திறந்து பேசாத பேரம். டி அண்ட் டி கேம் மாஸ்டர்களுக்கான 2014-ன் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு புத்தகத்தில் விருப்ப விதியாக ஒரு பட்டியல் இருக்கிறது. வெளியே வரும்போது இருபதுமுகப் பகடை உருட்ட வேண்டும். 7 முதல் 13 வரை விழுந்தால் மாற்றமில்லை. 1 அல்லது 2 என்றால் அங்கே கழித்த நாட்கள் இங்கே நிமிடங்கள். 20 என்றால் நாட்கள் வருடங்களாகிவிடும். கேம்பைனில் ஏதாவது ஒரு கெடு ஓடிக்கொண்டிருந்தால் இந்த ஒரு பகடை கதையையே புரட்டிப்போடும். அதனால் உள்ளே போகும் முன்பே யாராவது கதாபாத்திரத்தின் வாய்வழியாக எச்சரித்துவிடுங்கள்.

டி அண்ட் டியில் ஒரு புரவலரோடு ஒப்பந்தம் செய்து மந்திரசக்தி பெறும் வார்லாக் வகுப்பை எடுத்து, ஆர்ச்ஃபே என்ற பெரிய ஃபேயைப் புரவலராகத் தேர்ந்தெடுத்தவர் ஆட்டம் தொடங்கும் முன்பே பேரம் முடித்துவிட்டு வந்தவர். என்ன சக்தி கிடைக்கும் என்று விதிப்புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. பதிலுக்கு அந்த ஃபே என்ன கேட்டது என்பதை ஆட்டக்காரரும் கேம் மாஸ்டரும் உட்கார்ந்து பேச வேண்டும். பேசாமல் விட்டால் புரவலர் என்பவர் கேரக்டர் ஷீட்டில் ஒரு வரியோடு நின்றுவிடுவார். ஓர் எச்சரிக்கை: நடுவழியில் கேம் மாஸ்டர் திடீரென்று "உன் புரவலர் கோபப்பட்டார், சக்தி போச்சு" என்று சொல்வது அழுகுணி ஆட்டம். சண்டையில் வாள் வீசுபவரிடமிருந்து யாரும் கையைப் பிடுங்குவதில்லையே.

பிள்ளை, உடல், நினைவு, சுயபுத்தி. ஃபேக்கள் கேட்கும் விலைகளில் பல, மேசையில் இருக்கும் யாரோ ஒருவருக்கு நிஜ வாழ்க்கையின் ரணமாக இருக்கலாம். முதல் செஷனுக்கு முன்பே எதெல்லாம் வேண்டாம் என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ்-கார்டு போன்ற ஏற்பாடு இருந்தால் இன்னும் நல்லது: மேசையில் ஓர் அட்டை, அதைத் தொட்டால் அந்த விஷயம் கதையிலிருந்து விலகிவிடும், காரணம் சொல்லத் தேவையில்லை. பாத்திரத்தை முழுதாகக் கேம் மாஸ்டர் கையில் ஒப்படைக்கும் பேரத்தை, ஆட்டக்காரரே ஆசைப்பட்டுக் கேட்டால் தவிர, தவிர்த்துவிடலாம்.

கடைசியாக, கடன் பாக்கி இருக்கும்போதே பாத்திரம் செத்துப்போனால்? இதைப் பேரம் பேசும் நாளிலேயே ஃபேயின் வாயால் சொல்ல வைத்துவிடுவது நல்லது. கடன் சாவோடு தீர்ந்துவிடும் என்றால், வசூலாகும்வரை தன் கடனாளியைச் சாகவிடாமல் காப்பதில் ஃபேக்கு அக்கறை இருக்கும். சண்டையில் விழுந்து கிடப்பவளின் பக்கத்தில் முட்கோட்டை ராணி வந்து நின்று, "இவளிடம் எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது" என்று சாவோடு வாதிடலாம். கடன் கூட்டாளிகள்மேல் ஏறும் என்றால், ஒருவர் பேசும் பேரத்தில் மேசையில் எல்லோருக்கும் பங்கு உண்டு, எல்லோரும் சம்மதித்தாக வேண்டும். இரண்டில் முதலாவதுதான் எனக்குப் பிடித்தது. செத்தவருடைய ஆட்டக்காரர் புதிய பாத்திரத்தோடு வந்து உட்காரும்போது, பழைய பாக்கியை அவர் தலையில் ஏற்றுவது மட்டும் வேண்டாம். அந்தப் பேரத்துக்குச் சம்மதம் சொன்னது இந்தப் பாத்திரம் இல்லை.